தேங்காய்த் தண்ணீரில் போன குரல்

அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு டேப்லெட்டைப் புதைத்துக்கொண்டிருந்தேன். விஜயதசமி காலை. ஹாலில் முந்தின நாள் பூஜையின் சாமந்தி வாடிக்கிடந்தது. மிச்சமிருந்த சுண்டல் லேசாக ஊசிப்போய், அந்த வாசனையும் சேர்ந்துகொண்டது. என் நாத்தனார் ராஜேஸ்வரி அக்கா முந்தானையால் வாயைப் பொத்தியபடி பக்கத்தில் நின்றார்.

"இன்னும் ஆழமா வெய்யி வசந்தா. மேலாக்க வெச்சா ஈரத்த எங்கேர்ந்து இழுக்கும்?"

"ஆழமாத்தான்கா வெச்சிருக்கேன்."

"எதிர்வூட்டுப் பொண்ணு ஃபோனு பக்கெட்ல வுழுந்துச்சாம். அரிசில போட்டு வெச்சுதாம். இப்ப நல்லாப் பேசுதாம்."

குரோம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலமெல்லாம் கண்ணாடிச் சில்லுகளோடு மல்லுக்கட்டியவள் நான். வெறும் தண்ணீர் காய்ந்தால் போய்விடும். சர்க்கரையும் உப்பும் கலந்த தண்ணீர் காய்ந்தால் பிசுக்காக ஒட்டிக்கொண்டு அங்கேயே குடியிருக்கும். அது தெரிந்தும் அரிசியைத் தள்ளி மூடினேன். என்ன செய்வதென்று தெரியாத நேரத்தில் கைக்கு ஏதாவது ஒரு வேலை கொடுக்கவேண்டியிருக்கிறது.

ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய குரலைத்தான் நாங்கள் அரிசிக்குள் புதைத்துக்கொண்டிருந்தோம்.

நடு பஸ்ஸு காலியா கீது

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்திருப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் ஏகாம்பரம், மாநகரப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். தாம்பரத்திலிருந்து பாரிமுனை வரை அவர் குரல் கேட்காத நிறுத்தம் கிடையாது.

கல்யாணமான புதிதில் ஒருமுறை அவருடைய பஸ்ஸிலேயே ஏறினேன். பெண்டாட்டி என்று ஒரு சிரிப்பு சிரிப்பார் என்று நினைத்தேன். "படியில நிக்காதம்மா, உள்ள போ. நடு பஸ்ஸு காலியா கீது பாரு!" என்று எல்லோருக்கும் போட்ட அதே சத்தத்தை எனக்கும் போட்டார். டிக்கெட்டும் வாங்கவைத்தார். வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. "டூட்டில நீ பாசஞ்சர், அவ்ளோதான்" என்றார். அந்தக் குரலை வைத்துக்கொண்டு சமாதானம் பேசினால்கூட நான்கு வீட்டுக்குக் கேட்கும்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. ஓய்வு பெற்ற மறுவருஷம் குரல் கம்மியது. சளி என்றோம். மிளகு, தேன், அதிமதுரம் என்று எல்லாம் ஓடி முடிந்த பிறகு டாக்டரிடம் போனோம். குரல்வளையை எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்றார்கள்.

எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்தார். கழுத்தில் ஒரு ஓட்டை வழியாக மூச்சு விடுகிறார். அதன்மேல் கைக்குட்டை அளவு வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டிக்கொள்வார். கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றை டாக்டர் கொடுத்துப் பார்த்தார். தண்ணீர் மோட்டார் ஓடுவதுபோல வந்த அந்தச் சத்தத்தைக் கேட்டு இவரே பயந்து, அதைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துவிட்டார்.

மின்விசிறியை நிறுத்திய அறை

ஆபரேஷனுக்கு முன்னால், பேச்சுப் பயிற்சி தரும் ஒரு பெண்மணி ஒரு யோசனை சொன்னார். தினமும் பேசும் வாக்கியங்களை அவருடைய சொந்தக் குரலிலேயே பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு படத்தைத் தொட்டால் அந்தக் குரல் வரும்படி செய்துகொள்ளலாம் என்றார்.

எங்கள் மகள் நித்யா பள்ளிக்கரணையிலிருந்து ஒரு டேப்லெட்டோடு வந்து சேர்ந்தாள். திரை முழுக்கச் சின்னச் சின்னப் படங்கள். தண்ணீர்ச் சொம்பு, மின்விசிறி, காபி, என்னுடைய படம், பேத்தியின் படம்.

படுக்கையறைக் கதவைச் சாத்தி, இரைச்சல் விழாமலிருக்க மின்விசிறியை நிறுத்தி, அப்பாவும் மகளும் வியர்க்க விறுவிறுக்க உட்கார்ந்தார்கள். முதல் நாள் மனிதர் டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் கிழித்தார். "காபி குடு." "ஃபேனக் கொஞ்சம் கொறை." "பால்காரன் வந்துட்டான் பாரு." "ரைட், போலாம்." போகப்போகக் குரல் பிசிறு தட்டியது. "தண்ணி குடு" என்று அவர் சொன்ன நேரத்தில் நான் அடுப்பில் வைத்த குக்கர் விசில் அடித்துவிட்டது. திரும்பப் பேசவைக்கத் தொண்டையில் தெம்பில்லை. அதன்பிறகு அவர் தண்ணீர் கேட்டபோதெல்லாம் அந்தக் குக்கரும் கூவியது.

"வலிக்குது" என்பதைச் சாதாரணமாகச் சொன்னார்.

"அப்பா, வலிக்கிற மாதிரி சொல்லுங்கப்பா" என்றாள் நித்யா.

"வலிக்கும்போது என் மொகத்தப் பாத்துக்கோ. அதுக்கு இன்னாத்துக்குக் கொரலு?"

என் பெயரை மட்டும் மூன்று விதமாகப் பதிந்தார். ஒன்று, சும்மா கூப்பிடுவது. இரண்டாவது, கோபமாகக் கூப்பிடுவது. மூன்றாவதைப் பதியும்போது மகளை வெளியே போகச் சொல்லிவிட்டார். அது எப்படி இருந்தது என்று இங்கே எழுத மாட்டேன்.

பதிவு முடிந்த இரண்டொரு நாளில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர் பேசியதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளிருந்துதான்.

பேசினார் என்றுதான் சொல்வேன். மீன்காரம்மாவிடம் பேரம் பேசினார். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து "ரைட், போலாம்" என்று அழுத்துவார், ஓட்டுநர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். எனக்கும் அவருக்கும் சண்டை வந்தால் "போதும், நிறுத்து" என்ற படத்தை விடாமல் தட்டுவார். பெட்டியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு நான் என் பாட்டுக்குப் பேசுவேன். அது ஒரு குடித்தனமாகத்தான் நடந்துகொண்டிருந்தது. குறையொன்றும் சொல்ல முடியாது.

பூஜையில் வைத்த பொருள்

எங்கள் வீட்டில் தீபாவளியைவிட ஆயுத பூஜை பெரியது. அவர் டூட்டியில் இருந்த காலத்தில் டிப்போவில் பஸ்களுக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் தடவி, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஒரே அமர்க்களம். அங்கே முடித்துவிட்டு வந்து, வீட்டிலும் தோல் பையையும் விசிலையும் பலகையில் வைத்துப் பொட்டு வைப்பார். ஓய்வு பெற்ற பிறகும் விசிலுக்குப் பொட்டு தவறியதில்லை.

அந்த வருஷம் விசிலுக்குப் பக்கத்தில் டேப்லெட்டையும் அவரே கொண்டுவந்து வைத்தார். அதற்கு முந்தின சாயங்காலம், பெட்டியில் இல்லாததை எழுதிக் காட்ட வைத்திருந்த சிலேட்டில் எழுதிக் காட்டியிருந்தார்: "எனக்கு வாய் இதுதானே. இதுக்கு ஒரு பொட்டு வைக்க வேணாமா?" காய்ந்த துணியால் பார்த்துப் பார்த்துத் துடைத்து, உறையை மூடி, அதன்மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தார்.

சரஸ்வதி பூஜையும் அதே நாள்தான் என்பதால் எழுதும் பொருள்களும் பூஜைக்குப் போய்விடும். அன்றைக்குப் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. வைத்த பொருளை மறுநாள் காலை கற்பூரம் காட்டி, பலகையை லேசாக வடக்கே நகர்த்திய பிறகுதான் எடுக்க வேண்டும். அதனால் சிலேட்டும் பலகையில் ஏறிற்று, பேனாவும் ஏறிற்று. ஒரு முழுநாள் அவருக்குப் பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை. விரதம் இருப்பதுபோல அதில் அவருக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

ஊரப்பாக்கத்திலிருந்து ராஜேஸ்வரி அக்கா வந்திருந்தார். தம்பிக்கும் அக்காவுக்கும் சின்ன வயதிலேயே தாய் தகப்பன் போய்விட்டதால், இவரை வளர்த்ததெல்லாம் அவர்தான். எங்கள் வீட்டுப் பூஜை அக்கா சொல்படிதான் நடக்கும்.

தேங்காயை என் வீட்டுக்காரர்தான் உடைத்தார். அரிவாளின் பின்பக்கத்தால் ஒரே தட்டு. அக்கா சொம்பைப் பிடித்திருந்தார். காயில் தண்ணீர் நிறைய இருந்திருக்கிறது. சொம்பில் பாதியும் பலகையில் பாதியுமாகக் கொட்டிவிட்டது. அக்கா ஒரு துணியை எடுத்துப் பலகையைச் சுற்றிலும் துடைத்தார். பலகைமேல் இருந்த எதையும் அசைக்கவில்லை. வைத்ததை அசைக்கக் கூடாதே.

டேப்லெட்டின் உறை, ஓரம் உயர்ந்து ஒரு தட்டுபோல இருக்கும். தேங்காய்த் தண்ணீர் அதற்குள் ஓடித் தேங்கி நின்றதை இவர் பார்த்துவிட்டார்.

நான் அப்போது சமையலறையில் வடை தட்டிக்கொண்டிருந்தேன். நடந்ததை அக்கா பிறகு அழுதுகொண்டே சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இவர் தரையை விரல் முட்டியால் தட்டியிருக்கிறார். டேப்லெட்டைக் காட்டியிருக்கிறார். அக்காவின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். ஏதோ பேசத்தான் பெட்டியைக் கேட்கிறார் என்று அக்கா நினைத்துக்கொண்டார்.

"இன்னாடா அவசரம்? பூஜைல வெச்சத எடுக்கச் சொல்றியே. ஒரு நாளு வாயில்லாம இருந்துட மாட்டியா?"

சொன்ன மறுநொடியே அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாராம். முகம் செத்துப்போய்விட்டதாம். யாரைப் பார்த்து என்ன சொல்லிவிட்டோம் என்று தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாராம்.

அக்காவின் அந்த முகத்தைப் பார்த்ததும் இவர் தட்டுவதை நிறுத்திவிட்டார். ஒன்றுமில்லை என்பதுபோலக் கையை ஆட்டினார். நான் வடைத் தட்டோடு வந்தபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பூஜை நல்லபடியாக முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

சிலேட்டில் எழுதியது

மறுநாள் காலை கற்பூரம் காட்டினோம். அக்கா பலகையை நகர்த்தினார். இவர் டேப்லெட்டைத் தூக்கினார். உறையின் ஓரத்திலிருந்து சிவப்பு எறும்புகள் சாரையாக இறங்கின. சார்ஜ் போடும் துளைக்குள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. தேங்காய்த் தண்ணீரின் இனிப்பு அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது.

சுவிட்சை அழுத்தினார். இருட்டு. மறுபடி அழுத்தினார். சார்ஜரை மாட்டினார், கழற்றினார், மாட்டினார்.

பிறகு சிலேட்டை எடுத்தார். விஜயதசமியன்று முதலில் நல்லதாக எதையாவது எழுத வேண்டும் என்பார்கள். பழக்கத்தில் கை பிள்ளையார் சுழி போட்டது. அதன்கீழே எழுதினார்: "தேங்காத் தண்ணி. நேத்தே பாத்தேன்."

அக்கா எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்து முடித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான்டா சொன்னேன். வாயில்லாம இருன்னு என் வாயால நான்தான்டா சொன்னேன்."

இவர் அவசர அவசரமாகச் சிலேட்டைத் துடைத்தார். எழுதியதைத் துடைக்கலாம், அக்கா படித்ததை என்ன செய்ய முடியும்? எனக்கு அக்காமீது கோபம் வந்தது, அவர்மீது கோபம் வந்தது, தேங்காய்மீதுகூட வந்தது. பூஜை அறையைத் திரும்பிப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நித்யாவுக்குப் போன் போட்டேன்.

"ஆன் பண்ணாதீங்கம்மா! சார்ஜ் மட்டும் போடவே போடாதீங்க!"

"போட்டாச்சுடி."

நானே மேற்கொண்டு கேட்டேன்.

"உங்கிட்ட இன்னொரு காப்பி இருக்கும்ல? எங்கேயோ மேல போய்த் தானா சேர்ந்துக்கும்னு சொன்னியே?"

"பார்க்கிறேன்மா, இருங்க."

இருந்தேன். வெகுநேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். இணையத்தில் சேமிக்கும் அந்தக் கணக்கில் இடம் முன்பே நிரம்பியிருந்திருக்கிறது. பேத்தியின் பிறந்தநாள் வீடியோக்கள் அதை அடைத்துக்கொண்டிருந்தன. அப்பாவின் குரலில் ஒரு வார்த்தைகூட மேலே போகவில்லை. எச்சரிக்கை மின்னஞ்சல்கள் வந்தபடி இருந்தன, அவள் திறக்காத நூறு மின்னஞ்சல்களோடு அவையும் கிடந்தன. லீவு நாளிலும் அவள் ஆபீஸில் இருந்தாள். அழக்கூட இடமில்லாமல் படிக்கட்டில் போய் நின்று பேசினாள்.

அதன்பிறகுதான் அரிசி டிரம். அது ஆகாதென்று தெரிந்ததும் மொட்டைமாடி வெயில். வெயில் ஏறுவதற்குள் மழை வந்துவிட்டது. செருப்புப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களையெல்லாம் அக்கா தெருவில் வீடு வீடாகக் கேட்டு வாங்கிவந்தார். அவற்றோடு ஒரு டப்பாவில் போட்டு மூடினோம். திறக்கும்போதெல்லாம் ஊசிப்போன தேங்காய் வாடை அடித்தது.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு கடை

தாம்பரத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. மேற்குப் பக்கம் ரயில்வே நடைமேம்பாலம் இறங்கும் இடத்தில், ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடியும் என்கிற ஒரு கடை. செல்வா என்று பெயர், முப்பது வயதிருக்கும். ஊசிமூக்கு இடுக்கியால் மூடியைத் திறந்தவர் சிரித்துவிட்டார்.

"இன்னாக்கா, உள்ள பர்பி கிண்டுனீங்களா? எறும்பா செத்துக்கெடக்குது."

நான் விஷயத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் பார்வை என் வீட்டுக்காரரின் கழுத்துத் துணிக்குப் போனது. சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒண்ணும் பேஜாராவாதீங்க அண்ணா. ரெடி பண்ணிர்லாம். இதவிட மோசமானதெல்லாம் பாத்துகிறேன்."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் வீட்டுக்கு வந்தோம். அவர் அன்றிரவு இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார். அக்காவுக்குப் போன் போட்டு "ரெடி பண்ணிடுவாங்களாம்" என்று நானே சொன்னேன். அக்கா மறுபடி அழுதார்.

செல்வா கூப்பிட்டுவிட்ட அன்று மத்தியானம் போனோம். புழுக்கமான நாள். கடையில் சுவரோடு மாட்டிய ஒரு மின்விசிறி தடதடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. டேப்லெட் எலும்பும் தோலுமாக, பின்பக்கம் திறந்தபடி, வேறு ஏதோ பேட்டரியோடு ஒயரால் கோர்த்துக் கிடந்தது. செல்வா எதையோ தொட்டார். திரையில் வெளிச்சம் வந்தது. படங்கள் வந்தன. சொம்பு, காபி, பேத்தி, நான்.

என் கை தானாக என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டது.

"தொடாதீங்க அண்ணா, ஒரு நிமிஷம். மொதல்ல எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல இழுத்துக்கறேன்" என்று செல்வா ஒயரைத் தேடினார்.

இவர் கேட்கவில்லை. யார்தான் கேட்பார்கள்? மேல்வரிசையில் இருந்த என் படத்தைத் தொட்டார். வரவில்லை. மறுபடி தொட்டார். திரையின் மேல்பாதி முழுக்கச் செத்திருந்தது. என் முகத்தின்மேலேயே விரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். கடைசியில் விரல் சறுக்கிக் கீழ்வரிசையில் பட்டது.

"ஃபேனக் கொஞ்சம் கொறை."

அவருடைய குரல். ஆபரேஷனுக்கு முன்னால், அந்தச் சாத்திய அறையில், கம்மிய தொண்டையில் சொன்ன அதே வார்த்தை. செல்வா ஒயரைத் தேடியபடியே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "இதோ அண்ணா" என்று கையை நீட்டி மின்விசிறியைக் குறைத்தார்.

குறைத்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. வெளியே புறநகர் ரயில் ஒன்று போனது. திரை ஒருமுறை விட்டுவிட்டு எரிந்து, அணைந்தது.

கடை சாத்தும் நேரம் வரை செல்வா விடாமல் பார்த்தார். பிறகு சிட்டியில் தனக்குத் தெரிந்த ஒருத்தரிடம் கொடுத்தனுப்பினார். அது திரும்பி வந்ததும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என் கையில் கொடுத்தார்.

"போர்டெல்லாம் உப்பு பூத்துகீதுக்கா. பதிவு இருந்த சிப்பே போயிருச்சு. என்னால முடில."

நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். நடத்துநர் இவரோடு வேலை பார்த்தவர்போல. "இன்னா ஏகாம்பரம் அண்ணே, சௌக்கியமா?" என்று கூட்டத்துக்கு மேலே சத்தம் போட்டார். இவர் கையை உயர்த்தினார், அவ்வளவுதான். எங்கள் அஸ்தினாபுரம் நிறுத்தம் வரும்வரை ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார்.

மேப் ஆன்ட்டி

வேறு எங்காவது அவர் குரல் இருக்காதா என்று தேடினோம். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பும் வழக்கமே அவருக்கு இருந்ததில்லை. போன் போட்டு இரண்டு வார்த்தை சொல்லி வைத்துவிடுகிற ஆள். நித்யாவின் கல்யாண வீடியோவை எடுத்துப் போட்டுப் பார்த்தோம். அதில் அவர் வாய் ஓயாமல் பேசுகிறார். சம்பந்தியை வரவேற்கிறார், சமையல்காரரை விரட்டுகிறார். சத்தம் மட்டும் முழுக்க நாதஸ்வரம். யாரோ பார்த்துப் பார்த்துக் கோர்த்த பின்னணி இசை. அந்த வீடியோக்காரரைத் தேடிப் போனோம். கடையையே காலி செய்துவிட்டாராம்.

நித்யா புது டேப்லெட் வாங்கிவந்தாள். தமிழில் எழுதினால் அதுவே படித்துக்காட்டும். பெண் குரல்தான் கொஞ்சம் தெளிவாக இருந்தது. அவர் ஒரு விரலால் தேடித் தேடி எழுதினார்: "சாப்டியா கண்ணு?" செய்தி வாசிக்கிற தோரணையில் ஒரு பெண்மணி அதை அறிவித்தார்.

பேத்தி திரையையும் தாத்தாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது தாத்தா இல்ல. இது மேப் ஆன்ட்டி."

காரில் வழி சொல்லும் குரலை அவள் அப்படித்தான் சொல்வாள். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அந்த டேப்லெட்டை அவர் எடுத்து நான் பார்க்கவில்லை.

ராஜேஸ்வரி அக்கா இப்போது அதிகம் வருவதில்லை. வந்தாலும் தம்பி முகத்தைப் பார்த்து உட்காருவதில்லை. சமையலறையில் என்னோடு நின்றுகொண்டே பேசிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். இவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாலும் கண் கலங்கி எழுந்துவிடுகிறார். மன்னித்துவிட்டேன் என்று சிலேட்டில் எழுதிக் காட்டினால் அந்த அம்மாள் தாங்குவாரா? எழுதாமல் விட்டுவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் குரல் எனக்கு மறந்துகொண்டு வருகிறது. முகம் மறக்காது, நடை மறக்காது. குரலைக் காதுக்குள் கொண்டுவரப் பார்த்தால் குக்கர் விசில்தான் முதலில் வருகிறது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள், எப்படி மறக்கலாம் என்று என்மீதே எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

மாடியிலிருந்து இறங்கிய மத்தியானம்

கூப்பிடுவதற்கென்று நித்யா ஒரு மணி வாங்கிக் கொடுத்தாள். பொத்தானைக் கயிற்றில் கோர்த்து அவர் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். அழுத்தினால் சமையலறையில் இருக்கும் பெட்டி குருவி மாதிரி கத்தும். "நான் என்ன ஆஸ்பத்திரி வார்டுலயா இருக்கேன்?" என்று சிலேட்டில் எழுதினார். நான் திட்டிய திட்டில் மாட்டிக்கொண்டார். ஆனால் ஒருநாளும் அழுத்தியதில்லை. என்ன வேண்டுமோ எழுந்து வந்து தானே எடுத்துக்கொள்வார், இல்லையென்றால் வேண்டாமென்று இருந்துவிடுவார்.

சமீபத்தில் ஒரு மத்தியானம். வானம் இருட்டிக்கொண்டு வந்ததால் துணி எடுக்க மாடிக்குப் போனேன். அடுத்த வீட்டுப் பெண்ணும் துணி எடுக்க வந்திருந்தாள். இரண்டு பேரும் கொஞ்சம் பேசிக்கொண்டு நின்றோம். கீழே இறங்கி வந்தால் நாற்காலி காலியாக இருந்தது. குளியலறைக் கதவு பாதி திறந்து, உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம்.

வழுக்கி விழுந்திருக்கிறார். ஒரு கால் மடங்கியபடி சுவரில் சாய்ந்து, ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தார். குழாய் திறந்தபடி இருந்தது. பக்கெட் நிரம்பி வழிந்து வேட்டியெல்லாம் தொப்பல். தெறிக்கிற தண்ணீர் மூச்சு விடும் துளைக்குள் போய்விடாமலிருக்க, கழுத்துக்கு முன்னால் உள்ளங்கையைக் குவித்துப் பிடித்திருந்தார். எவ்வளவு நேரமாகப் பிடித்திருந்தாரோ. மணியின் பொத்தான் மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"எவ்ளோ நேரமா இப்படியே உக்காந்திருக்கீங்க? கூப்பிடறதுக்கு என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்க?"

கல்யாணமான நாளிலிருந்து நான் அவரிடம் சொல்லிவருகிற பேச்சு இது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருந்தால் சொல்வேன். அவரும் ஹால் அதிரச் சிரிப்பார். அந்தப் பழக்கத்தில் வந்துவிட்டது. வாயை விட்டுப் போன பிறகுதான் என் காதில் விழுந்தது.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் குழாயை நிறுத்தினேன். அதன்பிறகு வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை.

அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. சிரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். குரல் இல்லாத மனிதர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. தோளைத் தொட்டுத் திருப்பினால் தெரிந்துவிடும். நான் திருப்பவில்லை. துணிகளை அங்கேயே போட்டுவிட்டு, அந்த ஈரத்தில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.